ஊசிக்குப் பின் வரும் ஜுரம்

1897-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 10-ஆம் தேதி. பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி வந்த வால்டிமார் ஹாஃப்கின் என்னும் கிருமியியல் அறிஞர், தாம் புதிதாகத் தயாரித்திருந்த பிளேக் தடுப்பு மருந்தைத் தம் உடலிலேயே ஏற்றுக்கொண்டார். செலுத்தப்பட்ட அளவு 10 கன சென்டிமீட்டர். பின்னர்ப் பொதுமக்களுக்கு அளிக்கப்பட்ட அளவைக் காட்டிலும் இது மிகவும் அதிகம். ஊசி குத்திய இடத்தில் வலி உண்டாயிற்று, ஜுரமும் கண்டது. சில நாட்களில் இரண்டும் தாமே தணிந்தன. மருந்து மனிதனுக்குக் கேடு செய்யாது என்பதை அவ்வறிஞர் தம் உடலைக் கொண்டே அறிந்தார்.

இதற்கு 124 ஆண்டுகளுக்குப் பின், 2021-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதி, கோவிட் நோய்க்கு எதிரான தடுப்பூசி இயக்கம் இந்தியாவெங்கும் தொடங்கிற்று. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் தேதிக்குள் 100 கோடி ஊசிகள் போடப்பட்டன; 2022 ஜூலை 17-ஆம் தேதி அத்தொகை 200 கோடியை எட்டியது. ஹாஃப்கின் அடைந்த அதே அனுபவத்தைக் கோடிக்கணக்கான மக்கள் அடைந்தனர்: கை வலி, உடல் அசதி, ஓரிரு நாள் ஜுரம்.

நோயைத் தடுக்க வந்த ஊசி ஜுரத்தைத் தருவானேன்? ஜுரம் வராதவருக்குப் பாதுகாப்புக் கிட்டவில்லை என்று கொள்ளலாமா? ஊசிக்குப் பின் நேரும் துன்பம் யாவும் ஊசியால் நேர்ந்தவைதாமா? வீடு வீடாகச் செல்லும் சுகாதார ஊழியரும், வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரும் இக்கேள்விகளை எதிர்கொள்ளாமல் இருக்க முடியாது. இவற்றுக்குரிய விடைகளில் ஒரு பகுதி உடலியலில் உள்ளது. மற்றொரு பகுதி பம்பாயில் பிளேக் பரவிய நாட்களின் வரலாற்றில் உள்ளது.

பம்பாயில் ஒரு சிற்றறை

சீனத்தினின்றும் புறப்பட்டு உலகின் துறைமுகங்களை எட்டிய பிளேக் என்னும் பெருந்தொற்று, 1894-இல் ஹாங்காங்கில் கடுமையாகப் பரவியது. அந்நோயின் கிருமியை அலெக்சாண்டர் யெர்சின் கண்டறிந்தது அப்போதுதான். 1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் அந்நோய் தோன்றியிருப்பதை டாக்டர் அகாசியோ வீகாஸ் உணர்ந்து தெரிவித்தார். கடும் ஜுரமும், தொடை இடுக்கிலோ அக்குளிலோ திரண்டெழும் நெறிக்கட்டியும் அதன் அடையாளங்கள். சில மாதங்களுக்குள் இலட்சக்கணக்கானோர் நகரைவிட்டு வெளியேறினர். அடுத்த இருபது ஆண்டுகளில் அந்நோய் இந்தியாவில் கொண்டுபோன உயிர்கள் ஒரு கோடிக்கு மேற்பட்டவை.

ஒடெஸ்ஸா நகரில் பிறந்து, பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பயின்றவர் ஹாஃப்கின். காலரா தடுப்பூசியைப் போடும் பொருட்டு 1893-இல் இந்தியாவுக்கு வந்திருந்த அவரை, 1896 அக்டோபரில் அரசாங்கம் பம்பாய்க்கு அனுப்பியது. அவருக்குக் கிடைத்த ஆய்வுக்கூடம் ஓர் அறையும் ஒரு நடைவழியுமே. துணையாக ஓர் எழுத்தரும், பயிற்சியில்லாத மூன்று உதவியாளர்களும் இருந்தனர்.

அவர் கையாண்ட முறை எளியது. இறைச்சிச் சாற்றின்மேல் சில துளி நெய்யை மிதக்கவிட்டு, அதில் பிளேக் கிருமிகளை விதைத்தார். மக்களின் சமய உணர்வைக் கருதி, மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் நீக்கப்பட்டு ஆட்டிறைச்சி பயன்பட்டது. நெய்த்துளிகளைப் பற்றிக்கொண்டு வளர்ந்த கிருமிகள், கூரையிலிருந்து ஒட்டடை தொங்குவதுபோலச் சாற்றினுள் இழை இழையாகத் தொங்கின. புட்டியைக் குலுக்கினால் அவை உதிர்ந்து அடியில் தங்கும். மேலே புதிய இழைகள் வளரும். இவ்வாறு சில வாரங்கள் வளர்த்தபின், கிருமிகளை வெப்பத்தால் கொன்று, கார்பாலிக் அமிலமும் சேர்த்து மருந்தாக்கினார். உயிரற்ற கிருமி நோயை உண்டாக்காது. ஆனால் அதன் உருவையும் கூறுகளையும் உடல் அடையாளம் கண்டுகொள்ளும். இன்று வழங்கும் செயலிழந்த கிருமித் தடுப்பூசிகளுக்கும் இதுவே அடிப்படை.

சிறைச்சாலையில் கிடைத்த சான்று

ஒருவர் ஊசி போட்டுக்கொண்டு நலமாக இருந்தால், மருந்து தீங்கற்றது என்று ஓரளவு தெரியலாம். அது நோயைத் தடுக்கிறதா என்பது அதனால் தெரியாது. அதற்கு, ஒரே இடத்தில் ஒரே வகையாக வாழ்வோரில் சிலருக்கு ஊசி போட்டும், சிலருக்குப் போடாமலும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

1897 ஜனவரி இறுதியில் பம்பாயின் பைகுல்லா சிறைச்சாலையில் பிளேக் புகுந்தது. ஜனவரி 30-ஆம் தேதி, முன்வந்த கைதிகளுக்கு ஊசி போடப்பட்டது. ஏறத்தாழப் பாதிப்பேர் அதை ஏற்றனர். எல்லோரும் உண்ட உணவும் உறங்கிய இடமும் ஒன்றே. பின்வந்த நாட்களில், ஊசி போடாதோரில் 12 பேரை நோய் பற்றியது. 6 பேர் இறந்தனர். ஊசி போட்டோரில் நோயுற்றவர் 2 பேர், இறந்தவர் எவருமில்லை. கைதிகளின் சம்மதத்தை முழுச் சுதந்திரமான சம்மதமாகக் கொள்ள இன்றைய மருத்துவ அறநெறி தயங்கும். எனினும், ஊசி போட்டவரையும் போடாதவரையும் ஒப்பிட்டே உண்மையை அறிதல் வேண்டும் என்னும் நெறி, அச்சிறைச்சாலையில் தெளிவாக விளங்கிற்று.

அந்த எண்ணிக்கையில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஊசி போட்ட அன்றே மூவரிடம் நோயின் அடையாளங்கள் இருந்தமை கண்டறியப்பட்டது. கிருமி அவர்கள் உடலில் முன்பே புகுந்திருந்தது. அவர்களையும் கணக்கில் சேர்த்து, ஊசி போட்டதால்தான் நோய் வந்தது என்று எவரேனும் கூறியிருப்பின், கேட்டோர் நம்பியிருப்பர். இத்தகைய பேச்சே 2021-லும் பல ஊர்களில் எழுந்தது.

அக்காலத்து மக்களின் அச்சத்தை எண்கள் மட்டும் நீக்கவில்லை. கோஜா சமூகத்தின் தலைவரும், அப்போது இருபது வயதை எட்டாதவருமான மூன்றாம் ஆகா கான், மக்கள் காணத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். ஆய்வுக்கூடத்துக்குத் தம் மாளிகை ஒன்றையும் அளித்தார். ஊசி போட்டவர் மறுநாளும் அதற்கு மறுநாளும் எப்படி இருக்கிறார் என்பதை மக்கள் தம் கண்ணால் கண்டனர். அச்சமூகத்தினர் பல்லாயிரவர் பின்தொடர்ந்தனர். அதே ஆண்டில் பூனாவில் வீடுகளுக்குள் வலிந்து புகுந்து சோதனையிட்ட பிளேக் நடவடிக்கைகள் மக்களின் கோபத்தையே வளர்த்தன. ஓரிடத்தில் கண்டதை நம்பி மக்கள் இணங்கினர். மற்றோரிடத்தில் கட்டாயம் அவர்களை விலக்கிற்று.

உடலினுள் நடப்பது என்ன?

தடுப்பு மருந்து சாதாரணமாகத் தோளின் புறத்தசையில் செலுத்தப்படுகிறது. அங்குக் காவல் புரியும் உயிரணுக்கள், வந்திருப்பது அந்நியப் பொருள் என்பதைச் சில மணி நேரத்தில் உணர்கின்றன. உடனே அவை சில இரசாயனத் தூதுப் பொருள்களை வெளியிடுகின்றன. அவற்றின் விளைவாக அருகிலுள்ள இரத்த நாளங்கள் விரிகின்றன. வெள்ளை அணுக்கள் அங்கு வந்து கூடுகின்றன. இதனால் அவ்விடம் சிவந்து, வீங்கி, வலிக்கிறது.

தூதுப் பொருள்களில் ஒரு பகுதி இரத்தத்தோடு சென்று மூளையிலுள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தை எட்டுகிறது. உடலின் வெப்ப அளவை அம்மையம் சிறிது உயர்த்தி வைக்கிறது. அந்த அளவை எட்டும்பொருட்டுத் தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. குளிர் நடுக்கமும் ஜுரமும் இவ்வாறு தோன்றுகின்றன. ஆகவே இந்த ஜுரம் நோயன்று. உடலின் காவற்படை விழித்தெழுந்ததன் அறிகுறி. சாதாரணமாக ஊசி போட்ட அன்றிரவோ மறுநாளோ இது தோன்றி, ஓரிரு நாளில் தணியும். சிலருக்கு அக்குளில் நெறி கட்டுவதும் உண்டு. வெள்ளை அணுக்கள் பயிற்சி பெறும் இடம் அந்நெறிகளே ஆதலின், அவை சில நாட்கள் பருத்துப் பின் சுருங்கும்.

இங்ஙனம் சில மணி நேரத்தில் நடந்தேறுவது முதற்கட்டம். இரண்டாம் கட்டம் மெதுவானது, வெளியில் தெரியாதது. புகுந்த பொருளின் வடிவத்துக்கேற்ற எதிர்ப்பொருளை உண்டாக்கும் அணுக்கள் பெருகுகின்றன; அவ்வடிவத்தை நெடுநாள் நினைவில் வைத்திருக்கும் அணுக்களும் உருவாகின்றன. இதற்கு இரண்டு வாரம் அளவில் தேவைப்படுகிறது. பாதுகாப்பைத் தருவது இந்த இரண்டாம் கட்டமே.

ஜுரம் முதற்கட்டத்தைச் சார்ந்தது என்பதால், அதைக் கொண்டு பாதுகாப்பை அளவிட இயலாது. ஜுரமே வராத பலருக்கும் எதிர்ப்பொருள் நன்கு உண்டாகிறது. பொதுவாக முதியோரைவிட இளையோருக்கு ஜுரம் மிகுதியாக வரும். 2021-இல் இந்தியாவில் பெரிதும் பயன்பட்ட இரு மருந்துகளில், பூனாவில் தயாரான கோவிஷீல்டு ஒரு தீங்கற்ற வைரஸை வாகனமாகக் கொண்டது. அதன் இரண்டாம் ஊசியைவிட முதல் ஊசிக்கே ஜுரம் மிகுதியாகக் காணப்பட்டது. ஐதராபாத்தில் தயாரான கோவாக்சின், செயலிழக்கச் செய்யப்பட்ட முழு வைரஸால் ஆனது. இரண்டிலும் கோவிட் நோயைத் தரக்கூடிய உயிருள்ள கிருமி இல்லை.

காக்கையும் பனம்பழமும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது பழமொழி. காக்கை உட்கார்ந்ததும் உண்மை. பழம் விழுந்ததும் உண்மை. ஒன்றுக்கு மற்றொன்று காரணமா என்பதே ஆராயத்தக்கது.

2021 ஏப்ரல், மே மாதங்களில் நோயின் இரண்டாம் அலை நாடெங்கும் வீசியது. நாளொன்றுக்கு நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் உறுதியான நாட்களும் அவற்றுள் உண்டு. தடுப்பூசி போடும் பணியும் அதே மாதங்களில் நடைபெற்றது. கிருமி உடலில் புகுந்து நோயாக வெளிப்பட 2 முதல் 14 நாட்கள் ஆகலாம். ஊசியின் பாதுகாப்பு உருவாகவும் ஏறத்தாழ இரண்டு வாரமாகும். ஆதலின், ஊசி போட்ட சில நாட்களில் நோயுற்றவர் பலர் இருந்ததில் வியப்பில்லை. ஊசிக்கு முன்போ, பாதுகாப்பு உருவாகுமுன்போ கிருமி அவர்களைப் பற்றியிருந்தது. ஆயினும், முதல் நாள் ஊசி, நான்காம் நாள் நோய், பத்தாம் நாள் மரணம் என்று ஒரு வீட்டில் நிகழ்ந்துவிட்டால், அத்தெருவினர் எந்த முடிவுக்கு வருவர் என்பதை ஊழியர்கள் நன்கு அறிவர்.

இதனை ஆசிரியர்கள் ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். பெருந்தொற்று இல்லாத காலத்திலும் இந்தியாவில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஏறத்தாழ 6 பேர் பல காரணங்களால் இறக்கின்றனர். ஓர் இலட்சம் பேர் வாழும் பகுதியில் இது ஆண்டுக்கு 600. வாரத்துக்கு 11 அல்லது 12. அங்குள்ள அனைவருக்கும் ஒரே நாளில் வெறும் நீரை ஊசியாகப் போட்டாலும், அடுத்த வாரத்துக்குள் 11 பேரேனும் இறந்திருப்பர். ஊசி பெறுவோரில் முதியோர் மிகுதியாயின் இவ்வெண்ணிக்கை இன்னும் கூடும். எனவே, ஊசிக்குப் பின் எத்தனை பேர் இறந்தனர் என்று கேட்பது மட்டும் போதாது. ஊசி இல்லாவிடில் எத்தனை பேர் இறந்திருப்பர் என்றும் சேர்த்துக் கேட்டல் வேண்டும்.

சிறு உபாதைகளுக்கும் இது பொருந்தும். கோவிட் தடுப்பூசிகளின் பரிசோதனைகளில், மருந்தில்லாத போலி ஊசி பெற்றவர்களிலும், முதல் ஊசிக்குப் பின் மூன்றில் ஒரு பங்கினர் தலைவலி, அசதி போன்ற உபாதைகளைத் தெரிவித்தனர். அவர்கள் பொய் கூறவில்லை. தலைவலியும் அசதியும் எவருக்கும் அடிக்கடி வருபவை; எதிர்பார்ப்பும் அச்சமும் அவற்றை மிகுதிப்படுத்துகின்றன.

முல்கோவால் கற்பித்த பாடம்

எனினும், எல்லாத் தீங்கையும் காக்கை, பனம்பழக் கதையென்று தள்ளிவிடுதல் மற்றொரு பிழையாகும். ஊசியோடு தொடர்புடைய தீங்கு நேர்ந்ததும் உண்டு.

1902 அக்டோபர் 30-ஆம் தேதி பஞ்சாபிலுள்ள முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்குப் பிளேக் ஊசி போடப்பட்டது. அவர்களில் 19 பேர் ரணஜன்னி கண்டு இறந்தனர். அந்த 19 பேருக்கும் ஒரே புட்டியிலிருந்த மருந்து போடப்பட்டிருந்தது. மற்றப் புட்டிகளின் மருந்தைப் பெற்றவர்களுக்கு அத்தீங்கு நேரவில்லை. விசாரணைக் குழு பம்பாய் ஆய்வுக்கூடத்தின்மீது குறை கண்டது. ஹாஃப்கின் பதவியினின்றும் விலக்கப்பட்டார். அப்புட்டியைத் திறந்தபோது உதவியாளரின் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்ததும், அது முறையாகத் தூய்மை செய்யப்படாமலே மீண்டும் பயன்பட்டதும் சாட்சியத்தில் வெளிவந்திருந்தன. ரணஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்வது. ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் ஹாஃப்கினுக்காக வாதாடிய பின், 1907-இல் அவர்மீதிருந்த பழி நீங்கியது. பம்பாய் ஆய்வுக்கூடம் 1925-இல் ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் பெற்றது.

ஆனால் ஐந்தாண்டுகள் கழிந்துவிட்டன. பஞ்சாபில் ஊசி போடும் பணி பெரிதும் தளர்ந்தது, பிளேக்கோ தளரவில்லை. தரையில் விழுந்த ஓர் இடுக்கி பத்தொன்பது உயிர்களோடு, ஒரு மாகாணத்து மக்களின் நம்பிக்கையையும் கொண்டுபோயிற்று. ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசிகள், குப்பி திறந்த நேரத்தைக் குறித்தல், மருந்தை 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைத்தல், யாருக்கு எந்தத் தொகுதியின் மருந்து போடப்பட்டது என்று பதிதல் ஆகிய இன்றைய விதிகள் வெறும் சடங்குகளல்ல. தவறு நேர்ந்தால் அதன் மூலத்தைக் கண்டுபிடிக்கவும், நேராமல் தடுக்கவும் உதவுபவை அவையே.

மருந்தே காரணமான அரிய தீங்குகளும் உண்டு. சிலருக்கு ஊசி போட்ட சில நிமிடங்களில் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்படலாம். அதன்பொருட்டே 2021-இல் ஒவ்வொருவரும் 30 நிமிடம் அமரவைக்கப்பட்டனர். அட்ரினலின் மருந்தும் ஆயத்தமாக இருந்தது. இத்தகைய அதிர்ச்சியால் நேர்ந்த ஒரு மரணத்தை, தீய விளைவுகளை ஆராயும் தேசியக் குழு 2021-இல் உறுதி செய்து அறிவித்தது. கோவிஷீல்டு ஊசிக்குப் பின் இரத்தம் உறையும் அரிய கோளாறுபற்றியும் அக்குழு ஆராய்ந்தது. பத்து இலட்சம் ஊசிகளுக்கு 0.61 என்ற வீதத்தில் அத்தகைய நிகழ்வுகள் அறிவிக்கப்பட்டிருந்தன என்று 2021 மே மாதம் வெளியிடப்பட்டது. ஊசி போட்ட 20 நாட்களுக்குள் மூச்சுத் திணறல், மார்பு வலி, கால் வீக்கம், தணியாத கடும் தலைவலி, ஊசி குத்திய இடத்துக்கு அப்பால் சிறு செம்புள்ளிகள் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும் என்ற அறிவுரையும் அப்போது வழங்கப்பட்டது. இத்தீங்குகள் மிக அரியவை. நோய் விளைத்த மரணமோ மிகப் பெரியது. இவ்விரண்டையும் சேர்த்துக் கூறுவதே முழு உண்மையைக் கூறுவதாகும்.

ஊழியர் கூறவேண்டுவன

தினக்கூலி பெறும் ஒருவருக்கு இரண்டு நாள் ஜுரம் என்பது இரண்டு நாள் கூலி இழப்பு. ஒன்றும் செய்யாது என்று கேட்டு ஊசி போட்டுக்கொண்டவர், அன்றிரவு உடல் நடுங்கிக் கிடந்தால், ஊசியை மட்டுமன்றி அதைப் பரிந்துரைத்தவரின் சொல்லையும் ஐயுறுவார். அவர் இரண்டாம் ஊசிக்கு வரமாட்டார். அண்டை வீட்டாரையும் தடுப்பார். நாளை ஜுரம் வரலாம், அது இன்ன காரணத்தால் வருகிறது, இத்தனை நாளில் தணியும் என்று முன்னரே அறிந்தவருக்கு, வந்த ஜுரமே ஊழியரின் சொல்லுக்குச் சான்றாகிறது. கூலி வேலைக்கு ஓய்வுள்ள நாளுக்கு முந்தைய நாளை அவரே தேர்ந்துகொள்ளவும் அது வழிசெய்யும்.

குழந்தைகளுக்கான தடுப்பூசிப் பணியில் தாயிடம் கூறவேண்டிய நான்கு செய்திகளை ஊழியர்கள் நீண்டகாலமாக அறிவர்: போடப்படும் ஊசி எது, அது எந்த நோயைத் தடுக்கும், என்ன சிறு உபாதைகள் வரலாம், வந்தால் என்ன செய்வது, அடுத்து எப்போது வரவேண்டும், அட்டையைப் பத்திரமாக வைத்திருத்தல். இவற்றுள் அவசரத்தில் விடுபட்டுப் போவது பெரும்பாலும் இரண்டாவதே. வரிசை நீண்டிருக்கும் நாளில் அதைச் சொல்லச் செலவாகும் அரை நிமிடம் பெரிதாகத் தோன்றும். பெருந்தொற்றுக் காலத்தில் அடுத்த வரிசை கூடுமா, கூடாதா என்பதை முடிவு செய்வதும் அந்த அரை நிமிடமே.

உபாதை நேர்ந்த வீட்டுக்கு மறுநாள் சென்று கேட்டறிதலும், கேட்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் பதிவு செய்து மேலே அனுப்புதலும் அப்பணியின் தொடர்ச்சி. இரத்த உறைவுபற்றிய அரிய செய்தியும், ஊர் ஊராக அனுப்பப்பட்ட இத்தகைய பதிவுகள் ஒன்றுசேர்ந்தமையால்தான் வெளிப்பட்டது. ஊசி பெற்றவரின் அனுபவம் ஒன்று தனியே நிற்கும்போது அது எதையும் மெய்ப்பிப்பதில்லை. பல அனுபவங்கள் உண்மையாகப் பதியப்பட்டு ஒப்பிடப்படும்போது அவையே விஞ்ஞானமாகின்றன. 1897-இல் பைகுல்லாவில் நடந்தது அதுவே. 2021-இல் நாடு முழுவதிலும் நடந்ததும் அதுவே.